பூச்சிப் பாடம்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு லிஃப்ட் பயம், இடி பயம், ஊசி பயம், போனில் தெரியாத நம்பர் வந்தால் பயம். இவை எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது பாம்பு. இதை எழுதும்போதுகூட, காலை நாற்காலிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

விழுப்புரம் டவுனில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத்துத் தெருவில், மொசைக் தரை போட்ட வாடகை வீட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் பூச்சி என்றால் கரப்பான்பூச்சி, மிஞ்சிப்போனால் பூரான். கல்யாணமாகி, திண்டிவனத்தைத் தாண்டி பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்தேன். வீட்டைச் சுற்றி மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை வயல். வந்த முதல் வாரம் மாமியார் சொன்னார், "இருட்டிட்டா பின்பக்கம் போவாதம்மா. பூச்சி இருக்கும்."

"அதுக்கின்னா அத்தை, செருப்பால ஒண்ணு போட்டா செத்துப்போவுது" என்றேன்.

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே போய் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். என் கணவர் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் என் காதருகே வந்து சொன்னார், "பூச்சின்னா பூச்சி இல்ல. நீளமா இருக்குமே, அது."

அந்த ஊரில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்ட மாதிரியாம், வந்துவிடுமாம். எங்கள் வீட்டில் கண்டிப்பு இன்னும் கூடுதல். டிவியில் பாம்பு வந்தால் மாமியார் சேனலை மாற்றிவிடுவார். காலண்டரில் சிவன் படம் இருந்தால் கழுத்தை மறைத்துப் பொட்டு ஒட்டிவிடுவார். எனக்கு ஆரம்பத்தில் எல்லாம் வேடிக்கையாக இருந்தது. அதே மாதத்தில் குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதே பெரிய வார்த்தை. ஈரத்துணியோடு வாசல்வரை ஓடிவந்து நின்றது மட்டும் நினைவிருக்கிறது. என்ன நிறம், எவ்வளவு நீளம் என்று கேட்டார்கள். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தண்ணீர்ப் பூச்சிதான், ஒன்றும் செய்யாது என்று கணவர் அதை ஒரு குச்சியால் தள்ளிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

எனக்கோ சோறு இறங்கவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது, ஒன்றும் செய்யாது என்று? ஒன்றும் செய்யாததும் உண்டு என்றால், செய்கிறது எது? இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாதே! இந்தக் கேள்வியை வீட்டில் கேட்க முடியாது. கேட்டால் கற்பூரம்தான் தீரும்.

அப்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பி நூலகத்துக்குப் போனேன். பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் முழுசாகப் படித்தது கல்யாணப் பத்திரிகைகளும் கடைக்கு டைப் அடிக்க வரும் மனுக்களும்தான். அலமாரி அலமாரியாகத் தேடி, ஒரு மெல்லிய புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். அட்டையிலேயே படம். கைக்குட்டையைப் போட்டு மூடித்தான் மேஜைக்கு எடுத்து வந்தேன்.

படித்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு கையால் படத்தை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலை வரிமேல் ஓட்டிப் படிப்பேன். பக்கத்தைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொள்வேன். அடுத்த பக்கத்தில் படம் எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்து, கையை அங்கே வைத்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பேன். உள்ளங்கை வேர்த்து, அந்தப் புத்தகத்தின் படங்கள் எல்லாம் என் வேர்வையால் நெளிந்துபோயின. நூலகர் பார்த்திருந்தால் தொலைத்திருப்பார்.

அந்த நூலகத்தில் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அரசு வேலைத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். தடித்தடியான கைடுகளோடு காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். தினமும் எதிரே உட்காரும் ஒரு பெண் ஒருநாள் கேட்டாள், "அக்கா, நீங்க எந்த குரூப்புக்குப் படிக்கிறீங்க?"

"குரூப் எல்லாம் இல்லம்மா. சும்மா, பூச்சியப் பத்தி."

"ஓ, அக்ரி ஆபீசரா? அதுக்கு காம்படிஷன் கம்மிதான், உட்டுடாதீங்க" என்று ஊக்கம் வேறு கொடுத்தாள். நானும் தலையாட்டினேன். ஒரு தேர்வும் இல்லாமல், சர்டிபிகேட்டும் இல்லாமல் ஒருத்தி படிக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? விழுப்புரத்தில் என் அம்மாவே, "இதப் படிச்சி இன்னாத்த கிழிக்கப் போற?" என்றுதான் கேட்டார்.

படித்தால் பயம் போய்விடும் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். எனக்கு முதலில் ஒரு பயம்தான் இருந்தது. படித்த பிறகு நான்காகப் பெருகியது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பயந்தேன். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. அதுவரை ராத்திரி படுத்தால் பயம் வந்து என்னைத் தின்றுகொண்டிருக்கும். இப்போது அதற்குப் பதில் கேள்விகள் வந்தன. விஷம் ரத்தத்தைக் கெடுக்கிறது என்றால் எப்படிக் கெடுக்கிறது? நரம்பைக் கட்டிப்போடுகிறது என்றால் மூச்சு ஏன் நிற்கிறது? விடை தேடிப் பழைய புத்தகக் கடையில் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் பாடப்புத்தகம் வாங்கினேன். அதில் பாதி புரியவில்லை. பத்தாம் வகுப்புப் புத்தகம் வாங்கி, கீழிருந்து ஏறி வந்தேன். மதியம் எப்போது வரும் என்று மணியைப் பார்த்துக்கொண்டே டைப் அடித்தேன். பள்ளிக்கூட நாளில் ஒருமுறைகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. யாரும் படி என்று சொல்லாத ஒன்றை நானாகப் படிக்கிறேன் என்பதில் ஒரு கர்வமும் வந்துவிட்டது. மறைத்திருந்த கையைப் படத்தின் மேலிருந்து எடுத்தது ஒரு ஆடி மாதத்தில். அன்று கட்டுவிரியனை முழுசாகப் பார்த்தேன். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். சாயங்காலம் கடையில் ஒரே மனுவை மூன்று தடவை தப்பாக அடித்தேன்.

கட்டுவிரியன் பக்கத்தைத்தான் அதிகம் படித்தேன், ஏனென்றால் அதிகம் பயமுறுத்தியது அதுதான். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களை வந்து கடிக்கும். கடித்தது தெரியாது. வலிக்காது, வீங்காது, பல் பட்ட இடம்கூடப் பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. விடியும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள். பிறகு கண் இமை கீழே சரியும். அதற்குப் பிறகு மூச்சு.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. படம் வீட்டுக்குள் வந்தால் அதுவே வந்த மாதிரி என்று மாமியார் வாசலிலேயே நிறுத்திவிடுவார். ஒருமுறை நூலகத்தில் வைக்க மறந்து பையோடு கொண்டுவந்து, பஸ்ஸில் தெரியாமல் பிரித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இன்னாடிம்மா இது பேஜாரு" என்று எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்வரை நின்றபடியே வந்தார்.

கணவருக்கு மட்டும் சொல்வேன். அவர் குட்டியானை ஓட்டுகிறவர். அந்தச் சின்ன லோடு வண்டியில் ஊர் ஊராக மல்லாட்டை மூட்டை ஏற்றிப்போவதுதான் அவர் தொழில். நான் கட்டில் வாங்கச் சொன்னேன், வாங்கினார். ஆனால் அதில் படுத்தது நான் மட்டும். "நாளெல்லாம் வண்டியில குலுங்கிக்கினு வர்றேன். தரையில நீட்டிப் படுத்தாத்தான் முதுகு கேக்குது" என்பார். இதற்கு நடுவே ஒருநாள் கொல்லையில் அவர் குதிகாலில் ஏதோ குத்தியது. நான் ஊரைக் கூட்டி, அழுது புரண்டு, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சாமணத்தால் ஒரு கருவேல முள்ளை எடுத்துக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் என் பெயர் டாக்டரம்மா. "டாக்டரம்மா, என் கால்ல எறும்பு கடிச்சிருச்சி, பெட்ல சேக்கணுமா?" என்று வயசான தாத்தாக்கள்கூடக் கேட்டார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. கொஞ்ச நாள் நூலகப் பக்கமே போகவில்லை.

இந்த அவமானம்தான் அன்று என் காலைக் கட்டிப்போட்டது.

மழை விட்டிருந்த ஒரு விடிகாலை. கணவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயிறு முறுக்குகிறது என்றார். முந்தின நாள் ரோட்டுக்கடையில் பரோட்டா சாப்பிட்டிருந்தார். மாமியார் ஓமம் கொதிக்க வைக்கப் போனார். நான் கட்டிலில் உட்கார்ந்தபடி கணவருடைய பாயைப் பார்த்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குள் ஒரு குரல், அதுதான், அதுதான் என்று சொன்னது. இன்னொரு குரல், முள்ளை மறந்துவிட்டாயா என்று கேட்டது. மறுபடியும் ஊர் சிரிக்கும். பரோட்டாவுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டவள் என்று சாகும்வரை சொல்வார்கள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அவர் தண்ணீர் கேட்டார். "தண்ணி" என்ற சொல் குழறி வந்தது. கொடுத்தேன், விழுங்க முடியாமல் ஒழுகியது.

"ஏங்க, மேல பாருங்க. ஃபேனைப் பாருங்க."

அவர் தலையைப் பின்னால் சாய்த்தாரே தவிர, இமை மேலே போகவில்லை. பாதிக் கண்ணில் திரை இறங்கிய மாதிரி நின்றது. அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருக்கிறேன்! தாள் நிறம்கூட ஞாபகம் வந்தது.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போணும். இப்பவே" என்றேன். மாமியார் வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஓமத் தண்ணீரோடு அப்படியே நின்றார். முகம் வெளுத்துப்போனது. "ஜல்தி போம்மா. நிக்காத, போ" என்றார்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை எடுத்தார். நடுவில் கணவர், பின்னால் நான். அவர் தலை என் தோளில் உருண்டது. மூச்சு என் கழுத்தில் படுகிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டே வந்தேன். பட்டது. கொஞ்சம் தாமதித்தது. எனக்கு உயிர் போய் வந்தது. மறுபடி பட்டது. "ஃபுட் பாய்சன்தாம்மா, பயப்படாத" என்று பக்கத்து வீட்டுக்காரர் காற்றில் கத்திக்கொண்டே ஓட்டினார்.

திண்டிவனத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் ட்யூட்டியில் இருந்தவர் ஒரு இளம் டாக்டர். பேச்சிலேயே தெற்கத்திப் பெண் என்று தெரிந்தது.

"என்ன செய்யுது? எப்பலேர்ந்து?"

நான் வாயைத் திறந்தேன். "பூச்சி கடிச்சிருக்குதுங்க."

"என்ன பூச்சி? தேளா, குளவியா? எங்க கடிச்சது?"

"பூச்சிங்க..." என்றேன் மறுபடியும்.

நரம்பு, தசை, மூச்சு, மருந்து என்று எல்லாம் தெரிந்தவள் நான். அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. அந்த வீட்டில் வாழ்ந்த வருஷங்களில், கேலி செய்துகொண்டே நானும் அந்தப் பழக்கத்துக்கு ஆளாகியிருந்தேன். நூலகத்தில் அந்த எழுத்துகளைக் கண்ணால் படித்திருக்கிறேன், வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது. சொன்னால் வந்துவிடும் என்று உள்ளே ஏதோ ஒன்று நம்பியது. சொன்னால் உண்மையாகிவிடும், இவர் செத்துவிடுவார் என்று பயந்தேன். டாக்டர் நர்ஸிடம் அலர்ஜி ஊசி எடுக்கச் சொல்லித் திரும்பினார்.

"பாம்பு!" என்று கத்தினேன். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பாம்புங்க. கட்டுவிரியன். தரையில படுத்திருந்தாரு. வயித்து வலி, கண்ணு தெறக்க முடியல, விழுங்க முடியல."

"பாம்பைப் பாத்தீங்களா?"

"இல்லங்க."

"கடிச்ச தடம்?"

"இல்லங்க. இது கடிச்சா தடம் தெரியாதுங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஊசி வேண்டாம் என்று நர்ஸுக்குக் கை காட்டிவிட்டு, கணவரின் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். ஒரே மூச்சில் எண்ணுங்க என்றார். இவர் தொடங்கியதுமே மூச்சு தீர்ந்து நின்றது. அதற்குப் பிறகு அந்த அறையில் எல்லாமே ஓட்டமாகிவிட்டது. விஷமுறிவு மருந்து ஏறியது. விழுப்புரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் ஒருவர் ரப்பர் பையை அழுத்தி அழுத்தி அவருக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். அந்தக் கை ஒரு தடவை நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். படிக்காதவளாக இருந்திருக்கக் கூடாதா என்று வழி முழுக்க ஏங்கினேன்.

சில நாள் மிஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. நானும் மாமியாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தோம். விஷமுறிவு மருந்து போட்டும் கட்டுவிரியன் விஷத்தில் நரம்பு மீள நாளாகும் என்று படித்திருந்தேன். மீளும் என்றும் படித்திருந்தேன். நான் நம்பிப் பிடித்துக்கொள்ள அந்த ஒரு வரிதான் இருந்தது. ஒரு மதியம் நர்ஸ் வந்து உள்ளே கூப்பிட்டார். கணவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். முழுசாக. என்னைப் பார்த்ததும் கால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். நான் அங்கேயே வாய்விட்டு அழுதேன்.

வெளியே வந்து நானும் மாமியாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். மாமியார் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

"அவனுக்குக் கடிச்ச எடம் எங்கம்மா?" என்று கேட்டார்.

"தெரியாது அத்தை. இது கடிச்சா எடம் தெரியாது. வயித்து வலிதான் வரும்."

"வேற இன்னா வரும்?"

"கண்ணு சொருவும். பேச்சு கொழறும். எச்சில் முழுங்க முடியாது, நொரையா வழியும்."

அவர் தூக்கை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, என்னிடம் அதுவரை ஒருநாளும் பேசாத விஷயத்தைப் பேசினார். என் கணவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு ரொம்ப முன்பே, கல்யாண வயசில் இறந்துபோனார். கொல்லைக்கு வாங்கி வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டார் என்று ஊரில் ஜாடையாகச் சொல்வார்கள். கணவரிடம் கேட்டிருக்கிறேன், பேச்சை மாற்றிவிடுவார்.

"மொத நாள் சாயங்காலம் நான்தான் அவனைத் திட்டுனேன்" என்றார் மாமியார். "வேலவெட்டிக்குப் போவாம சுத்திக்கினு இருந்தான். நீ இருந்து இன்னாடா பிரயோஜனம்னு கேட்டுட்டேன். சோறு கூட துன்னாம கொட்டாயில தரையில போய்ப் படுத்துக்கினான். விடியக்காத்தால வயித்தப் புடிச்சிக்கினு வந்தான். வாயில நொர. கண்ணத் தெறக்க முடியல அவனால. மருந்து குடிச்சிட்டான், போலீசு கேஸு ஆயிடும்னு அன்னிக்கே எடுத்துட்டாங்க."

நான் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"நான் அவன் வாய மோந்து பாத்தேம்மா. மருந்து நாத்தமே இல்ல. யார்கிட்ட சொல்றது?"

எனக்கு அந்த மரத்தடியில் வந்த பயம் வேறு. ஆமாம், பாம்புதான் என்றால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார் என்று இந்த அம்மா நினைத்து நினைத்தே உருகிப்போவார். இல்லை என்றால், தன் வாயால்தான் மகன் செத்தான் என்று சாகும்வரை சுமப்பார். நான் படித்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. பிரேதப் பரிசோதனை கிடையாது, தடம் கிடையாது, பார்த்தவர் கிடையாது. உறுதியாகச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அவர் என் முழங்கையைப் பிடித்தார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"நீ படிச்சவ. சொல்லு. அப்ப, எம்புள்ள என்மேல கோவிச்சிக்கினு போவலியா?"

"இல்ல அத்தை" என்றேன். "கோவிச்சிக்கினு போவல."

அவர் என் கையை விடவே இல்லை. உள்ளே ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், எங்களை அல்ல. வெகுநேரம் கழித்து அவர் மூக்கைச் சிந்திவிட்டு, தூக்கைத் திறந்து, சோற்றை இரண்டாகப் பிரித்தார்.